படிப்பே இலவசம், அப்புறம் சம்பளம் எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாடுகிற பிள்ளைகளுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். நம் வீட்டுப் பிள்ளைகளோ வங்கியில் நாற்பது ஐம்பது லட்சம் கடன் வாங்கிக்கொண்டு அதே வகுப்பில் உட்காருகிறார்கள். அப்படியிருக்க, விளையாடுகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு மேலும் சம்பளம் தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பதினாறு வயது மகள் திருப்பூரில் டென்னிஸ் ஆடுகிறாள், இந்த மாற்றமெல்லாம் அவளுக்கு உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இந்த ஸ்காலர்ஷிப் பரிசா, கூலியா? பரிசு என்றால் அதற்கு மேல் கேட்பது அதிகப்படி. கூலி என்றால் அது எவ்வளவு, யார் நிர்ணயித்தது, பேசியபடி முழுதாகக் கைக்கு வந்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது.

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பதினான்கு வருடம் படிப்பு ஆலோசகராக இருந்தேன். எந்தப் பாடம் எடுப்பது, பயிற்சி நேரத்தோடு எது மோதும், எத்தனை கிரெடிட் குறைகிறது, யார் அடுத்த பருவத்தில் ஆடும் தகுதியை இழக்கப் போகிறார் என்று பார்ப்பதுதான் வேலை. ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்), பெண்கள் வாலிபால், நீச்சல், டென்னிஸ் என்று பல அணிப் பிள்ளைகளின் டைம்டேபிள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். நான் வக்கீல் இல்லை. வகுப்பறைப் பக்கம் நடப்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். சட்டத்தைப் பொறுத்தவரை, வெளியான தீர்ப்புகளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதோடு நீங்கள் சண்டை போடலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பேச்சு எப்போதும் குழம்பும். "கல்லூரி வீரர்கள்" என்று ஒரே ஜாதி கிடையாது. கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுத்து நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் சுமார் 1,100 கல்லூரிகளும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களும் இருக்கிறார்கள். கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்; மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் தருவதில்லை. முதல் பிரிவிலும் பெரிய காசு புரள்வது இரண்டே விளையாட்டுகளில்தான்: அமெரிக்கன் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து. மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்கு சி.பி.எஸ்., டர்னர் ஆகிய டி.வி. நிறுவனங்கள் 2010ல் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர் பேசின. 2016ல் அதை 2032 வரை நீட்டிக்க இன்னொரு 880 கோடி. இது மொத்தமும் என்.சி.ஏ.ஏ.வுக்குப் போகிறது. ஃபுட்பால் காசு அங்கே போவதில்லை. 1984ல் உச்ச நீதிமன்றம் ஃபுட்பால் ஒளிபரப்பை என்.சி.ஏ.ஏ. ஒரே பிடியில் வைத்திருப்பது செல்லாது என்று சொன்னதிலிருந்து, அந்தக் காசு பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புகளுக்குப் போகிறது. பிக் டென் என்ற கூட்டமைப்பு மட்டும் 2022ல் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது.

இந்தக் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய மீதித் தொகை சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்ததற்கு அல்ல, இனி வேலைக்கு வர வேண்டாம் என்பதற்கு. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னரோ துணைவேந்தரோ இல்லை. ஒரு ஃபுட்பால் கோச்சோ கூடைப்பந்து கோச்சோதான். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தரக்கூடாது என்று விதி இருந்ததால் மிச்சமான காசு ஆட்டத்தைச் சுற்றி இருந்தவர்களிடமும் கட்டடங்களிலும் போய்க் குவிந்தது.

சரி, ஸ்காலர்ஷிப்புக்கு வருவோம். "எல்லாம் இலவசம்" என்பது பாதி உண்மை. பழைய விதிப்படி ஃபுட்பாலில் ஒரு அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே 4.5. அந்த நாலரையை எட்டு பத்துப் பையன்களுக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். பேஸ்பாலுக்கு 11.7. நான் பார்த்த பிள்ளைகளில் கால்பங்கு ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு மீதிக்குக் கடன் எடுத்தவர்கள் ஏராளம். ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் அணியில் ஆடியவர்களும் உண்டு. அவர்களை வாக்-ஆன் என்பார்கள். முழு ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களுக்கும் 2015 வரை ஊருக்குப் போக டிக்கெட், துணி துவைக்க, போன் பில் கட்ட என்று எதுவும் கிடையாது. 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்றது. அந்த அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுத்திருக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதே மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1973ல் ஸ்காலர்ஷிப்பை ஒரு வருடத்துக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கோச் வேண்டாம் என்றால் அடுத்த வருடம் இல்லை. 2012ல்தான் பல வருட ஸ்காலர்ஷிப் தர மறுபடி அனுமதி வந்தது. நன்றாகப் படிக்கிறவன் என்று கொடுக்கும் பரிசை, பந்தைத் தவறவிட்டான் என்று பிடுங்க மாட்டார்கள். வேலை சரியில்லை என்று நிறுத்தக்கூடிய ஒன்றை நான் கூலி என்றுதான் சொல்வேன்.

கூலி என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் அந்த அமைப்பு ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருந்தது. 1955ல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்கு ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன், தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலை செய்யும்போது இறந்தவரின் குடும்பத்துக்குத் தரும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1957ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அதனால் அவர் தொழிலாளி இல்லை என்றது. இப்படிப்பட்ட வழக்குகள் வந்த அந்தக் காலத்தில்தான் "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லை என்.சி.ஏ.ஏ. உருவாக்கி, எல்லாக் கல்லூரிகளும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று பழக்கியது. இதைச் சொன்னவர் வெளியாள் இல்லை, 1951 முதல் 1987 வரை அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ். ஓய்வுக்குப் பிறகு தான் கட்டிய அமைப்பையே அவர் கடுமையாக விமர்சித்தார். அந்தச் சொல்லை நானும் பல வருடம் தினமும் படிவங்களில் எழுதியிருக்கிறேன். அது ஒரு விதவைக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்ட காலத்தில் பிறந்த சொல் என்று தெரிந்த பிறகு எழுதக் கை கூசியது.

உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திருப்பூரில் இருக்கிற எல்லா பனியன் கம்பெனிகளும் ஒன்றாக உட்கார்ந்து, டெய்லருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் தங்க இடமும் தருவோம், அதற்கு மேல் யாரும் ஒரு ரூபாய் தரக்கூடாது, தருகிற கம்பெனியைச் சங்கத்தை விட்டுத் தள்ளிவைப்போம் என்று பேசி முடிவு செய்தால் எப்படி இருக்கும்? சாப்பாடு நல்ல சாப்பாடாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த விலையை டெய்லர் ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் போட்ட அல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னதன் சாரம் கிட்டத்தட்ட இதுதான். அந்தத் தீர்ப்பு நேரடியாகத் தொட்டது படிப்பு சம்பந்தப்பட்ட சலுகைகளை மட்டும்: கணினி, மேற்படிப்புச் செலவு, வருடத்துக்கு 5,980 டாலர் வரை படிப்பு ஊக்கத்தொகை, இப்படி. சம்பளம் கொடு என்று அது சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பில்தான் இன்னும் தூரம் போனார். குறைந்த சம்பளம் வாங்கும் சமையல்காரர் கையால் சாப்பிடத்தான் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லி ஒரு வட்டாரத்து உணவகங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தைக் குறைக்க முடியுமா என்ற பொருளில் கேட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. என்.ஐ.எல். என்பார்கள். அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்றால், 2017ல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிக்கர் டொனால்ட் டி லா ஹே, தன் யூட்யூப் சேனலில் வந்த விளம்பரக் காசை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக ஆடும் தகுதியையே இழந்தார். அதே வகுப்பில் வயலின் வாசிக்கிற மாணவி யூட்யூபில் சம்பாதித்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். சம்பளத்தை எதிர்ப்பவர்கள் எப்போதும் சொல்வது, படிப்பு கிடைக்கிறதே, அதன் மதிப்பு எவ்வளவு பெரியது என்று. படிப்பு பெரிய விஷயம்தான். நான் வாழ்ந்ததே அதை நம்பித்தான். ஆனால் அந்தப் படிப்பு முழுதாகக் கைக்கு வருகிறதா? விதிப்படி பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. அந்த 20ஐ எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? போட்டி நாள் காலை முதல் இரவு வரை போனாலும் கணக்கில் மூன்று மணி நேரம். பயணம் கணக்கில் வராது. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கும் நேரம் வராது. "விருப்பப்பட்டு" செய்யும் பயிற்சியும் வராது; யார் விருப்பப்பட்டு வந்தார்கள், யார் வரவில்லை என்பது எப்படியோ கோச்சுக்குத் தெரிந்திருக்கும். உண்மையில் பல ஃபுட்பால் பையன்களுக்கு அது ஒரு முழுநேர வேலை. அதற்கு மேல்தான் வகுப்பு.

2024ல் இன்னும் மோசமானது. ஒளிபரப்புக் காசுக்காக யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஆரிகன், வாஷிங்டன் ஆகிய மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் பிக் டென்னில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயரையே வைத்திருக்கிற கூட்டமைப்பில் சேர்ந்தன. இது ஃபுட்பாலுக்காக எடுத்த முடிவு. ஆனால் வாரநாளில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் பறந்து ஆடிவிட்டு, மறுநாள் வேதியியல் தேர்வுக்கு வந்து உட்காருவது வாலிபால் பெண்ணும்தான்.

ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. ஃபுட்பாலில் தற்காப்பு வரிசையில் ஆடியவன், நூற்று முப்பது கிலோ இருப்பான். பாட்டியைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட நர்ஸைப் பார்த்து நர்சிங் படிக்க ஆசைப்பட்டு வந்தவன். நர்சிங்கில் இரண்டாம் வருடத்திலிருந்து மருத்துவமனையில் காலைப் பணி உண்டு. அது பயிற்சியோடு மோதியது. பயிற்சி நேரத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இதில் இன்னொரு விதியும் சேர்ந்து இறுக்கியது: இரண்டாம் வருட முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் வருட முடிவில் 60, நாலாம் வருட முடிவில் 80 முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட முடியாது. பிள்ளைகள் பட்டம் வாங்காமல் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த விதி. நடைமுறையில் அது, தாமதமாகப் பாடப்பிரிவு மாறினால் தகுதி போய்விடும் என்ற பயத்தை உண்டாக்கி, பிள்ளைகளை ஆரம்பத்திலேயே எளிதான பிரிவுக்குத் தள்ளுகிறது. அந்தப் பையனை நர்சிங்கிலிருந்து பொதுப் பாடப்பிரிவுக்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அவன் பட்டம் வாங்கினான். பல்கலைக்கழகத்தின் பட்டதாரிக் கணக்கில் அவனும் ஒரு வெற்றி. தான் வந்த படிப்பு மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. இது ஒரு இடத்துக் கோளாறு இல்லை. வேறு பல்கலைக்கழகங்களில் இருந்த ஆலோசகர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். இதன் உச்சக்கட்டம் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் வெளியானது. ஏறக்குறைய 18 வருடமாக, வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100க்கு மேற்பட்ட மாணவர்கள் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள் என்று 2014ல் ஒரு விசாரணை அறிக்கை சொன்னது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள்.

அதனால்தான் "படிப்பே சம்பளம்" என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. படிப்பைச் சம்பளமாகத் தருவதாகச் சொல்லிவிட்டு, படிக்கிற நேரத்தையும் எடுத்துக்கொண்டால், பேசிய கூலியில் பிடித்தம் செய்ததாகத்தான் கணக்கு. அதே காரணத்தால், காசு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பையன் கையில் வருடத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் கொடுத்திருந்தாலும் காலைப் பணிக்குப் போயிருக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதலாவது, லாபம் எல்லாரிடமும் இல்லை. தன் வருமானத்திலேயே செலவைச் சமாளிக்கிற விளையாட்டுத் துறைகள் சில டஜன் மட்டுமே. மற்றவை பல்கலைக்கழகத்தின் பொதுப்பணத்திலும் மாணவர் கட்டணத்திலும் ஓடுகின்றன. சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு மாணவரிடமும் வசூலிக்கும் விளையாட்டுக் கட்டணம் வருடத்துக்கு ஆயிரம் டாலரையும் தாண்டும். நீங்கள் சொன்ன, கடன் வாங்கிப் படிக்கிற நம் பிள்ளைகளும் இதைக் கட்டுகிறவர்கள்தான். உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிற இடம் இது. வீரர்களுக்குத் தரும் காசு இந்தக் கட்டணத்தை ஏற்றித்தான் வரும் என்றால் நானும் எதிர்ப்பேன். இரண்டாவது, ஃபுட்பால் காசில்தான் நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் ஓடுகின்றன. அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பெரும்பகுதி அங்கே உருவானதுதான். அந்தக் காசைப் பங்கு போட்டால் சிறிய அணிகள் மூடப்படும் என்ற பயம் வெறும் பேச்சு இல்லை. ஆனால் கோச்சுக்கு 7.6 கோடி டாலர் எடுத்து வைக்க முடிந்தபோது வராத பயம், ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று நான் கேட்பேன்.

இப்போது என்ன நடந்திருக்கிறது என்றால், கேள்வியே பழையதாகிவிட்டது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். வீரர்களுக்குக் காசு கிடைக்காமல் தடுத்ததற்காக என்.சி.ஏ.ஏ. மேல், கிரான்ட் ஹவுஸ் என்ற அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரரின் பெயரில் வந்த வழக்கு. பழைய வீரர்களுக்கு பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் நஷ்டஈடு. அதோடு 2025 ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகக் காசு தரலாம். முதல் வருடத்துக்கு உச்சவரம்பு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2.05 கோடி டாலர். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது: ஃபுட்பாலில் 105, கூடைப்பந்தில் 15. வெளியார் தரும் விளம்பர ஒப்பந்தம் 600 டாலரும் அதற்கு மேலும் என்றால் சரிபார்ப்புக்குத் தெரிவிக்க வேண்டும். டென்னசி பல்கலைக்கழகம் இதற்கு முன்னதாகவே டிக்கெட்டில் 10 சதவீதம் "திறமைக் கட்டணம்" சேர்ப்பதாக அறிவித்துவிட்டது.

ஆக, தரலாமா என்பது முடிந்துபோனது. இன்னும் முடியாதவை மூன்று. வீரர்கள் சட்டப்படி ஊழியர்களா? 2024 ஜூலையில் அமெரிக்காவின் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெச்சூர் (காசுக்காக ஆடாதவர்) என்ற பெயரைக் காட்டி மட்டும் இந்தக் கேள்வியைத் தள்ள முடியாது என்றது. ஊழியர்கள்தான் என்று தீர்ப்பு சொல்லவில்லை. டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13க்கு 2 என்று தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தது. அந்த வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இரண்டாவது, பெண்களுக்கான பங்கு. 1972ன் டைட்டில் நைன் சட்டம் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இந்தக் காசுக்கு அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித்துறை ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. நஷ்டஈட்டின் பெரும்பகுதி ஆண்களுக்குப் போவதை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது, அந்த உச்சவரம்பு. அதுவும் கம்பெனிகள் சேர்ந்து வைத்த விலைதான், கொஞ்சம் உயர்ந்த விலை. மறுபக்கம் ஒரு தொழிற்சங்கம் உட்கார்ந்து பேசி வைத்த வரம்பாக இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். தொழில்முறை லீக்குகளில் அப்படித்தான் நடக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். காசு புரளும் இரண்டு விளையாட்டுகளில் ஆடுகிறவர்களுக்குப் பங்கு தர வேண்டும், ஊழியர் என்றே ஒத்துக்கொண்டு தர வேண்டும், அடிபட்டால் தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிடைக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும், அதாவது பெரும்பான்மைக்கு, காசை விட மூன்று விஷயங்கள் அவசரம்: பிடுங்க முடியாத ஸ்காலர்ஷிப், படிக்க நேரம், காயத்துக்கு வைத்தியம். 2024 ஆகஸ்டிலிருந்து முதல் பிரிவுக் கல்லூரிகளில் இதில் கொஞ்சம் வந்திருக்கிறது. ஆட்டத்தில் பட்ட காயத்துக்குப் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு வருடம் வைத்தியச் செலவு. ஆட்டம் சரியில்லை என்பதற்காக ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது. முழு ஸ்காலர்ஷிப்பில் இருந்தவர் பத்து வருடத்துக்குள் திரும்பி வந்து பட்டத்தை முடிக்கலாம். நல்ல ஆரம்பம். ஆனால் இருபது வயதில் கிழிந்த முழங்கால் சவ்வு உண்மையான தொல்லையைக் கொடுப்பது நாற்பதில். இரண்டு வருடம் எந்த மூலைக்கு?

இனி உங்கள் மகள். டென்னிஸ் ஆடும் பெண்ணுக்கு அமெரிக்கக் கல்லூரி இன்னமும் நல்ல வழி. சென்னையில் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007லும் 2008லும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றுவிட்டுத்தான் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் ஸ்டேட்டில் படித்துக்கொண்டே உயரம் தாண்டுதலில் 2018லும் 2022லும் பட்டம் வென்றார். ஆனால் இந்தப் புதிய காசு உங்கள் மகளுக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அதைவிட முக்கியம், அவள் போவது எஃப்-1 என்ற மாணவர் விசாவில். அந்த விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு உள்ளே வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். வெளியே அனுமதியில்லாமல் கூடாது. விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஆட்டத் தகுதிக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், விசாவுக்குப் பிரச்சினை வரலாம். கென்டக்கி கூடைப்பந்து அணியில் இருந்த காங்கோ நாட்டுக்காரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022ல் அணி பஹாமாஸுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து விளம்பர வேலைகளைச் செய்துகொண்டார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். கோச் சொன்னார் என்பது விசா அதிகாரியிடம் செல்லாது.

பரிசுப் பணமும் அப்படித்தான். கல்லூரியில் சேருவதற்கு முன் டென்னிஸ் போட்டிகளில் ஒரு வரம்புக்கு மேல் பரிசுப் பணத்தை வைத்துக்கொண்டால் தகுதிச் சிக்கல் வந்திருக்கிறது. வட கரோலைனாவின் ரீஸ் பிரான்ட்மையர் 2021 யு.எஸ். ஓப்பனில் சம்பாதித்த ஏறக்குறைய 49,000 டாலரில் பெரும்பகுதியை விட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 2024 மார்ச்சில் வழக்குப் போட்டார். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சேருகிற வருடத்தில் என்ன நிலைமை என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை எல்லாப் போட்டிக்கும் பயணம், தங்கும் செலவு, கோச் கட்டணம், கிடைத்த பரிசு என்று ரசீதோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பின்னால் கேட்கும்போது தேடினால் கிடைக்காது.

கோச்சுகள் உங்களோடு வீடியோவில் பேச ஆரம்பிக்கும்போது மைதானத்தைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ஸ்காலர்ஷிப் கடிதத்தில் எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது? முழுதா, எத்தனை சதவீதம்? முழங்கால் போனால் அது தொடருமா? கோச் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால்? போன வருடம் அணி எத்தனை வகுப்பு நாட்களைத் தவறவிட்டது? உங்கள் மகள் என்ன படிக்க விரும்புகிறாளோ அந்தப் பிரிவில் இப்போது அணியில் யாராவது படிக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொன்னால், அந்தப் பெண்ணிடம் உங்கள் மகளை ஐந்து நிமிடம் தனியாகப் பேச விடச் சொல்லுங்கள்.